பொறி கலங்கிய பிறகு: விளையாடும் பிள்ளைகளின் தலைக்காயம், ஒரு விளக்கம்

2025 ஜனவரி 31, புனே. இங்கிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தின் கடைசி ஓவரில் ஜேமி ஓவர்டன் வீசிய பந்து ஷிவம் துபேயின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் அதன் பிறகும் ஆடி, கடைசிப் பந்தில் 53 ரன்னுக்கு ரன் அவுட் ஆனார். இந்தியா பந்து வீச வந்தபோது அவர் இல்லை. தலையில் அடிபட்டு மூளை அதிர்வு வந்தவருக்குப் பதிலாக அவரைப் போன்ற ஒருவரை இறக்கலாம் என்ற விதிப்படி இறங்கிய ஹர்ஷித் ராணா 3 விக்கெட் எடுத்தார், இந்தியா 15 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த சில நாட்கள் ஒரே சண்டை. எப்போதாவது மித வேகத்தில் பந்து வீசும் ஆல்ரவுண்டருக்கு முழுநேர வேகப்பந்து வீச்சாளர் எப்படிச் சமமான மாற்று ஆவார் என்று இங்கிலாந்து கேப்டன் தொடங்கி டீக்கடை வரை எல்லோரும் கேட்டார்கள்.

யார் உள்ளே வந்தார் என்பதைப் பற்றித்தான் அத்தனை பேச்சும். ஹெல்மெட் உடையவில்லை, ரத்தம் வரவில்லை, அடிபட்டவர் ஓடி ரன்னும் எடுத்தார். அப்புறம் எதற்கு ஒருவரை வெளியே எடுக்க ஒரு விதி? பலருக்கு விளங்காமல் போனது இதுதான். சர்வதேச ஆட்டத்தில் இதைக் கவனிக்க அணி மருத்துவரும் மேட்ச் ரெஃப்ரியும் இருக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஒரு பி.இ.டி. சாரும் ஒரு விசிலும் இருந்தால் பெரிய விஷயம். விதி அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஏனென்றால் இந்தக் காயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் மோசமாக நடந்துகொள்ளும்.

மூளை அதிர்வு என்றால் என்ன?

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல சொல் உண்டு. ‘பொறி கலங்கிவிட்டது’ என்கிறோம். கண், காது போன்ற ஐம்பொறிகளும் ஒரு கணம் தடுமாறிப்போவது. மயங்கி விழுந்தான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருத்துவர்கள் கன்கஷன் என்றும் மூளை அதிர்வு என்றும் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். தொட்டால் குழையும் அளவுக்கு மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தலை சட்டென நின்றாலோ, நின்ற தலை சட்டெனத் திரும்பினாலோ, ஓடு நின்ற பிறகும் மூளை கொஞ்சம் நகரும், முறுக்கிக்கொள்ளும். சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. நெஞ்சில் மோதித் தலை பின்னால் சொடுக்கினாலும் போதும்.

அந்த முறுக்கலில் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அப்போது நடப்பது எலும்பு முறிவைப் போன்ற உடைசல் இல்லை, வேதிக் குளறுபடி. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு செல்லும் ஏராளமான சக்தியைச் செலவழிக்கிறது. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுகிறது. தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. இந்தப் பற்றாக்குறை தீர நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள் ஆகும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும்.

1. சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும்தான் காட்டும். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் மண்டைக்குள் ரத்தம் கசியவில்லை என்று பொருள். மூளை அதிர்வு இல்லை என்று பொருள் இல்லை.

2. அறிகுறிகள் உடனே வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை.

3. பற்றாக்குறையில் இருக்கும் மூளைக்கு இரண்டாவது அடி தாங்காது. இதற்குத் தனியாக வருவோம்.

பிள்ளைகளிடம் நிலைமை மோசமாவதற்குக் காரணம் அவர்களின் உடல் அமைப்பு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, அதைத் தாங்கும் கழுத்து மெலிது. நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை முழுதாக வளர்ந்திருக்காது. பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறுவார்கள், பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆவது சாதாரணம். கால்பந்து, கூடைப்பந்து போல இருபாலரும் ஒரே விதிகளில் ஆடும் ஆட்டங்களில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் அதிகம் பதிவாகிறது. பெண்கள் கால்பந்து வளர்ந்துவரும் ஊர்களில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

“மயங்கி விழலையே, அப்புறம் என்ன?”

மைதானத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் நினைவு தப்புகிறது. மயங்கி விழுவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் கைநழுவிப்போகும்.

நம் ஊரில் இன்னும் சில அளவுகோல்கள் உண்டு. ‘வெளியே வீங்கிட்டா நல்லது, உள்ளேதான் வீங்கக்கூடாது’ என்பார்கள். வெளியே வரும் புடைப்பு தலைத்தோலில் ஏற்பட்ட வீக்கம். உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. முட்டை அளவு புடைத்த பிள்ளைக்கு மூளையில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், புடைப்பே இல்லாத பிள்ளை பொறி கலங்கி நிற்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ‘ரத்தம் வரலையே’ என்பதும் இதே கணக்குதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிபவை ஒரு வகை:

- விழுந்தவன் எழ நேரமாகிறது, அல்லது அசையாமல் கிடக்கிறான்.
- எழுந்தாலும் நடை தள்ளாடுகிறது, எதையாவது பிடித்துக்கொள்கிறான்.
- முகத்தில் ஒரு வெறிச்சோடல், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறான்.
- எந்த இடத்தில் ஃபீல்டிங் நிற்க வேண்டும், எந்தக் கோல் நம்முடையது என்பது குழம்புகிறது.
- கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்கிறான்.
- காரணமில்லாமல் அழுகிறான், எரிந்து விழுகிறான்.

பிள்ளை சொன்னால்தான் தெரிபவை இன்னொரு வகை: தலைவலி, தலைக்குள் ஒரு அழுத்தம், கிறுகிறுப்பு, குமட்டல், பார்வை மங்கல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, ‘எல்லாம் புகைமூட்டமா இருக்கு சார்’ என்ற உணர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். மூன்று சேரட்டும், நான்கு சேரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

உன் பெயர் என்ன, இது எத்தனை விரல் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. பொறி கலங்கியவனும் தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவான். தடுமாறுவது பெரும்பாலும் அண்மை நினைவு. அதனால் விளையாட்டு மருத்துவத்தில் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி: இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா? ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் அவன் அன்று ஆடக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால் ஆடலாம் என்று இதைத் திருப்பிப் போடக்கூடாது. வெளியே எடுப்பதற்குத்தான் இந்தக் கேள்விகள், உள்ளே அனுப்புவதற்கு இல்லை.

தாமதமாக வரும் அறிகுறிக்குக் கிரிக்கெட்டிலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு ஸ்டீவ் ஸ்மித் சுருண்டு விழுந்தார். பரிசோதனையில் தேறி, முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து பேட் செய்து, 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் தள்ளாட்டமும் தலைகாட்டின. ஐ.சி.சி. அந்த மாதம் 1ஆம் தேதிதான் மாற்று வீரர் விதியைக் கொண்டுவந்திருந்தது. மார்னஸ் லபுஷேன் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக இறங்கினார். மருத்துவரும் வீடியோவும் பரிசோதனைக் கருவிகளும் இருந்த இடத்திலேயே முதல் நாள் பிடிபடவில்லை என்றால், பத்து நிமிட இடைவேளையில் ஒரு ஆசிரியர் ‘இவனுக்கு ஒண்ணும் இல்லை’ என்று எப்படித் தீர்மானிக்க முடியும்? முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க விதி ஒரே மாதிரி இருக்கிறது: சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வை. அன்று முழுக்க.

இரண்டாவது அடி

ஆற்றலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் மூளை, தனக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறனை இழந்திருக்கலாம். அந்த நிலையில் சின்னதாக இன்னொரு அடி விழுந்தால்கூடச் சில பிள்ளைகளுக்கு மூளை சட்டென வீங்கத் தொடங்கும். மண்டை ஓடு விரியாது, வீக்கம் போக இடமில்லை. நிமிடங்களில் நிலைமை கைமீறும். இதை இரண்டாம் அடி நோய்க்குறி என்கிறார்கள். அபூர்வமானது, ஆனால் அதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் பதின்வயதினர். உலக நாடுகளில் இருக்கும் சட்டங்கள் பலவும் இப்படி அடிபட்ட பிள்ளைகளின் பெயரிலோ, அவர்கள் குடும்பத்தின் போராட்டத்திலோ பிறந்தவைதான்.

ஸாக்கரி லிஸ்டெட், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், 13 வயது. 2006 அக்டோபரில் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் எதிரியை மடக்கும்போது தலை தரையில் மோதியது. கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, அழுத்தத்தைக் குறைக்க மண்டை ஓட்டின் இரு பக்கமும் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்தான், ஆனால் முதல் வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆனது. 2009இல் அந்த மாநிலம் அவன் பெயரில் சட்டம் போட்டது. அதில் மூன்று விஷயம்தான்: ஆண்டுதோறும் பெற்றோரும் பிள்ளையும் தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும், சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் மறுபடி ஆடவிடக் கூடாது. 2014க்குள் 50 மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டம் வந்துவிட்டது.

பென் ராபின்சன், வட அயர்லாந்து, 14 வயது. 2011 ஜனவரியில் ஒரே ரக்பி ஆட்டத்தில் பலமுறை அடிபட்டும் களத்தில் நின்று, ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தான். பிழைக்கவில்லை.

ரோவன் ஸ்ட்ரிங்கர், கனடாவின் ஒட்டாவா, 17 வயது, பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் மூன்று ஆட்டங்களில் அடிபட்டாள். இந்த மூன்றில் நம்மை அதிகம் உலுக்க வேண்டியது இவள் கதைதான், ஏனென்றால் ரோவனுக்குச் சந்தேகம் இருந்தது. தனக்கு மூளை அதிர்வு வந்திருக்கலாம் என்று தோழிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், இணையத்தில் அறிகுறிகளைத் தேடியிருந்தாள். பெரியவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தவள் நான்கு நாளில் இறந்துபோனாள். விசாரணை 49 பரிந்துரைகளைத் தந்தது, 2018இல் ஒன்டாரியோ மாகாணம் ‘ரோவன் சட்டம்’ நிறைவேற்றியது. டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும்: பிள்ளையைக் கிளப்பில் சேர்க்கும்போது ஆண்டுதோறும் ஒப்புதல் கேட்கிறார்களே, அது இந்தச் சட்டத்தால் வந்தது.

மூன்று கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆட வேண்டுமா என்ற முடிவு அடிபட்ட பிள்ளையிடமோ, அந்தப் பிள்ளை களத்தில் வேண்டும் என்று நினைத்தவர்களிடமோ இருந்தது. ‘நல்லா இருக்கியா, ஆடுவியா?’ என்று கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டிய உறுப்பே அடிபட்டுக் கிடக்கிறது. அதோடு, ஜோனல் போட்டி அரையிறுதியில் எந்தப் பதினான்கு வயதுப் பையன் ‘முடியலை சார்’ என்று சொல்வான்?

மண்டைக்குள் ரத்தம் கசிந்தால்

மூளை அதிர்வு வேறு, ரத்தக்கசிவு வேறு. முதலாவதற்கு ஓய்வும் கவனிப்பும் போதும். இரண்டாவது நேரத்தோடு நடக்கும் பந்தயம்.

காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். இதில் ஏமாற்றுவது நடுவில் வரும் தெளிவு. அடிபட்டவர் எழுந்து, பேசி, நடந்து போவார். ரத்தம் போதுமான அளவு சேர்ந்து மூளையை அழுத்தும்போதுதான் நிலை குலையும். அது சில மணி நேரத்துக்குப் பிறகாகவும் இருக்கலாம்.

1998 பிப்ரவரியில் டாக்காவில் கிளப் ஆட்டம் ஒன்றில் இந்திய வீரர் ராமன் லம்பா ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் ஃபீல்டிங் நின்றார். பந்து தலையில் பட்டது. எழுந்து நடந்தே வெளியே போனார். பிறகு நிலை மோசமாகி, மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்து, மூன்றாம் நாள் இறந்தார். ‘நடந்து போனானே’ என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, 108ஐக் கூப்பிட்டு ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

1. சிறிது நேரமானாலும் நினைவு தப்பியது, அல்லது நேரம் போகப் போக மந்தமாகி வருவது.
2. வலிப்பு.
3. மறுபடி மறுபடி வாந்தி.
4. கூடிக்கொண்டே போகும் தலைவலி.
5. இரட்டைப் பார்வை, பார்வை இழப்பு.
6. கை கால் மரத்துப்போதல், எரிச்சல், பலம் குறைதல்.
7. கழுத்து வலி, கழுத்தைத் தொட்டால் வலி.
8. குழப்பம் அதிகமாகி, பிடிக்க வருபவரைத் தள்ளிவிடும் அளவுக்கு முரண்டு.
9. மண்டை ஓடு அமுங்கியதைப் போலத் தெரிவது.

கழுத்து வலி இருந்தாலோ நினைவு இல்லாமல் கிடந்தாலோ ஒரு எச்சரிக்கை உண்டு, நம் மைதானங்களில் இது தினமும் மீறப்படுகிறது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி, உட்கார வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். வேண்டாம். கழுத்தெலும்பில் அடி இருந்தால் தூக்கும்போதே தண்டுவடம் நசுங்கலாம். ஒருவர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஆம்புலன்ஸ் வரும் வரை கூட்டத்தை விலக்கினால் போதும். மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவர் பார்த்து அனுப்பிவிட்டார். இனி?

தூங்க விடலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். விடலாம். தூக்கம் மூளைக்கு நல்லது. முதல் இரவு பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். எழுப்பியும் எழாத தூக்கம்தான் ஆபத்து. வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் முதல் இரண்டு நாள் வேண்டாம். பையன் சைக்கிளும் ஓட்ட வேண்டாம்.

இருட்டறையில் படுக்கப்போட்டு, அறிகுறி முற்றிலும் போகும் வரை எழவிடாத பழைய வைத்தியம் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை சொல்வது இது: ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, அந்த நாட்களில் போன், டிவி குறைவு, அதற்கப்புறம் மெதுவாக நடக்கத் தொடங்கலாம். அளவான நடை தேறுவதை விரைவுபடுத்துகிறது. லேசாகத் தலை வலித்தால் பயமில்லை, வலி நன்றாகக் கூடினால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் மைதானம். ஆனால் நம் வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கே அவசரப்படுவதும் உண்டு: படிப்பு போய்விடுமே என்று மூன்றாம் நாளே டியூஷனுக்கும் ரிவிஷன் டெஸ்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். படிப்பும் மூளைக்கு வேலைதான். அரை நாள் பள்ளி, நடுநடுவே ஓய்வு, தேர்வு தள்ளிவைப்பு என்று சில நாள் போக வேண்டியிருக்கும். ஆசிரியரிடம் சொல்லிவைக்காவிட்டால் அவர் கண்ணுக்கு அது சோம்பல் என்றே படும்.

மைதானத்துக்குத் திரும்பும் வழி ஆறு படி:

1. அன்றாட வேலைகள்.
2. நடை, பிறகு மெல்லோட்டம் அல்லது நிலை சைக்கிள்.
3. தனியாகச் செய்யும் ஆட்டப் பயிற்சி, தலையில் அடிபட வாய்ப்பில்லாதது.
4. மற்றவர்களோடு, மோதலில்லாத பயிற்சி.
5. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு முழுப் பயிற்சி.
6. போட்டி.

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காம் படிக்கு ஏறும் முன் எல்லா அறிகுறியும் போயிருக்க வேண்டும். ஆறு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். 2023இல் பிரிட்டனும் 2024இல் ஆஸ்திரேலியாவும் சாதாரண கிளப், பள்ளி அளவிலான ஆட்டங்களுக்குப் போட்ட வழிகாட்டுதலில் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். பெரியவர்களுக்கான ஐ.சி.சி. விதியே 2025 நடுப்பகுதியிலிருந்து குறைந்தது 7 நாள் விலகலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மருத்துவர் குழு கூடவே இருக்கும் வீரருக்கு ஏழு நாள், யாரும் இல்லாத பிள்ளைக்கு மூன்று வாரம். இந்தக் கணக்கு சரியானதுதான்.

எது தடுக்கும், எது தடுக்காது?

ஹெல்மெட்டிலிருந்து தொடங்குவோம். மண்டை ஓடு உடையாமல் காப்பது அதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. 1962இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து பட்டு இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டரின் மண்டை ஓடு உடைந்த காலத்தை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆனால் மூளை உள்ளே நகர்வதை ஹெல்மெட்டால் நிறுத்த முடியாது. ஹெல்மெட் போட்டிருக்கிறானே என்று மூளை அதிர்வை மறந்துவிடக் கூடாது. கழுத்தும் திறந்துதான் இருக்கும். 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பந்து அதற்குக் கீழே, கழுத்தில் பட்டு மூளைக்குப் போகும் தமனி கிழிந்தது. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்துக்கு எதிரே கழுத்துக் காப்பு கட்டாயம்.

நம் பள்ளிகளில் பெரிய பிரச்சினை வேறு. அணிக்கே ஒன்றிரண்டு ஹெல்மெட் இருக்கும். ஆறாம் வகுப்புப் பையனுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கும் அதே ஹெல்மெட், தாடைப் பட்டை இழுத்தால் நிற்காது. தலையில் ஆடும் ஹெல்மெட் பந்து பட்டதும் திரும்பிக்கொள்ளும். முன் கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே பந்து நுழையும் இடைவெளி இருந்தால் அதுவும் வீண். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும், வெளியே கீறல் இல்லாவிட்டாலும். கார்க் பந்தில் ஹெல்மெட்டே இல்லாமல் ஆடும் தெரு ஆட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செலவே இல்லாத பாதுகாப்பு தூரம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்ட யாரும் பேட்ஸ்மேனின் நடு ஸ்டம்பிலிருந்து 7.3 மீட்டருக்குள் ஃபீல்டிங் நிற்கக் கூடாது என்கிறது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 10 மீட்டர். ஆஃப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பேட்ஸ்மேனை ஒட்டியிருக்கும் சில்லி பாயின்டில் ஒரு பையனை நிறுத்தும் முன் இதை அளந்து பார்க்கலாம்.

உண்மையில் கருவிகளைவிட விதி மாற்றங்கள்தான் அதிகம் காப்பாற்றியிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் அறிக்கை தொகுத்த எண்கள் இதைச் சொல்கின்றன. பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதித் தள்ளுவதைத் தடைசெய்ததால் மூளை அதிர்வு 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியின்போது மோதலைக் கட்டுப்படுத்தியதால் 64 சதவீதம் குறைந்தது. ஐஸ் ஹாக்கியில் வாய்க்காப்பு 28 சதவீதம் குறைத்தது. வாய்க்காப்பும் நல்லதுதான், ஆனால் ஒரு விதி அதைப்போல இரண்டு மடங்கு வேலை செய்திருக்கிறது.

கவனியுங்கள், அதில் ஒன்று பயிற்சியைப் பற்றியது. அடி எல்லாம் போட்டியில்தான் விழும் என்று நினைக்கிறோம். வாரத்துக்கு ஒரு போட்டி என்றால் நான்கைந்து நாள் பயிற்சி. கபடிக்கும் இதே யோசனை பொருந்தும். ரைடரை ஐந்து பேர் சேர்ந்து மடக்கி விழும்போது யாருடைய முழங்கால் யார் தலையில் இடிக்கும் என்று சொல்ல முடியாது. முழு மோதலை வாரத்தில் ஓரிரு நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் கால் வேலை, பிடி நுட்பம், வேகம் என்று பழக்கலாம். கட்டாந்தரையைவிட உழுது புரட்டிய மண்ணோ மெத்தை விரிப்போ எவ்வளவோ மேல்.

கால்பந்தில் தலையால் முட்டுவதை 2015இல் அமெரிக்காவும் (10 வயது வரை), 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் (தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில்) நிறுத்தின. ஒரு முட்டலில் ஒன்றும் ஆகாது, ஆயிரக்கணக்கில் சேரும்போது என்ன ஆகும் என்ற கவலைதான் காரணம். கிளாஸ்கோவில் 2019இல் வந்த ஆய்வின்படி, முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மூளை சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023இல், 30 வயதுக்கு முன் இறந்த 152 மோதல் விளையாட்டு வீரர்களின் மூளையைப் பார்த்தபோது 63 பேரிடம் தொடர் அடிகளால் வரும் சிதைவு இருந்தது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘விளையாடினால் ஐந்தில் இரண்டு பேருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் மூளையைத் தானமாகக் கொடுக்கின்றன. மைதானத்தில் ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. விளையாடாமல் உட்கார வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

முடிவு எடுப்பவர் யார்?

ஸாக்கரி பெயரிலான சட்டமும் ரோவன் சட்டமும் செய்த முக்கியமான வேலை, முடிவைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கியதுதான். நம் பள்ளிகள் இதற்காக அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஆசிரியர், அந்த அணியின் வெற்றி தோல்வியோடு சம்பந்தப்படாதவர், ஓவிய ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ யாராகவும் இருக்கலாம். அடிபட்டதைப் பார்த்தால் அவர் கை காட்டுவார், பிள்ளை வெளியே வந்துவிடும். கோச் வாதாட முடியாது, அப்பா கேலரியிலிருந்து கத்த முடியாது, பையனிடம் யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள். அவர் கையில் மேலே சொன்ன ஒன்பது அறிகுறிகளும், பிள்ளைகளின் வீட்டு எண்களும், அருகில் ஸ்கேன் வசதி எங்கே என்ற விவரமும் ஒரே தாளில் இருந்தால் போதும். டாஸ் போடும்போதே இரண்டு அணிகளுக்கும் அவரைக் காட்டிவிட வேண்டும்.